சத்தமாகக் கதைக்கலாம்

முதல் நாள் உதட்டில் விரல் வைத்தாள்.
"மெல்லமாக் கதையுங்கோ மிஸ்,
அப்பா படுத்திருக்கிறார்.
இரவு கடலுக்குப் போனவர்."

சேலைத் திரைக்குப் பின்னால் கட்டில்,
கட்டிலில் போர்வை,
போர்வைக்குள் ஓர் ஆள் நீளம்.
வீட்டிலிருந்த ஒரே மின்விசிறி
அந்தப் பக்கமே திரும்பி நின்றது.

யதுர்ஷனா. பதினொரு வயது.
வரவு இடாப்பில் பத்தொன்பது நாள் சிவப்பு.
தம்பிமார் கபிஷன், டிலுக்ஷன்.
சின்னவன் அரைஞாண் கயிற்றில்
வீட்டுத் திறப்பைக் கட்டியிருந்தான்.

நான் குசுகுசுத்தேன்.
நித்திரை கொள்கிற மனிசன் இருமுவான், புரளுவான்,
நுளம்புக்குக் கையை வீசுவான்.
போர்வை அசையவில்லை.
முற்றத்தில் வலை இல்லை.
திருக்கடலூரில், ஒரு கடற்காரன் வீட்டில்,
மீன் மணமே இல்லை.
தேத்தண்ணியில் சீனியும் இல்லை.
"அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதான் வாங்கிறேல்ல."
பதில்களை
அடுக்கி வைத்திருந்தாள் பிள்ளை.

"எழும்பினதும் சொல்லம்மா, பர்ஹானா மிஸ் வந்தவ எண்டு."
"ஓம்."

அடுத்த வீட்டு பிலோமினா அக்கா சொன்னாள்:
தகப்பன் முல்லைத்தீவுக்கு அட்டை பிடிக்கப் போய்
இரண்டு மாதம், போன் வேலை செய்யாது.
தாய் குவைத்தில்.
மாதம் ஒருக்கா ஒரு குரல் பதிவு வரும்,
அதைப் போட்டுப் போட்டுக் கேட்பார்களாம்.
"ஏன் பொய் சொல்றாள் எண்டு கேக்கிறீங்களா?
போன வருசம் பின் ஒழுங்கையில வான் வந்ததே,
மூண்டு பிள்ளையள், மூண்டு இல்லம், மூண்டு ஊர்.
இவள் மதிலில நிண்டு பார்த்தவள்."

அந்த வானின் முன் சீற்றில்
இருந்தது நான்.

படிவத்தில் 'பராமரிப்பவர்: உண்டு, இல்லை,
பொருந்தாததை வெட்டுக' என்று இருந்தது.
பேனையைத் திறந்து திறந்து மூடினேன்.
வெளியே பஸ் நிலையத்து மான் ஒன்று
யாருடையதோ விண்ணப்பத்தை மென்றுகொண்டு நின்றது.

பிலோமினா அக்கா இரவில் அங்கே போய்ப் படுக்கச் சம்மதித்தாள்.
நான் தம்பலகாமத்துக்கு பஸ் ஏறினேன்.
தாயின் தங்கச்சி ராகினி அழுதாள், சரி என்றாள்.
புருசன் வயலிலிருந்து வந்து
"மூண்டு பேருமா?" என்று மட்டும் கேட்டான்.
அந்தக் கேள்விக்காக நாலு தரம் போனேன்.
இடையில் கிராம சேவகரின் கடிதம், அதிபரின் கடிதம்,
பிறப்புச் சான்றிதழில் பிழையாய் விழுந்த ஓர் எழுத்து,
நீதிமன்றத் தவணை.

"அறிக்கை எங்க?" என்றார் சேர்.
"தகப்பனைச் சந்திக்க ஏலாம இருக்கு சேர்,
எப்பவும் நித்திரை."
அது சரியா, இன்றைக்கும் தெரியாது.
அந்த இரண்டு கிழமையில் ஏதும் நடந்திருந்தால்
இந்தக் கவிதையை நான் எழுதியிருக்கமாட்டேன்.

ஒவ்வொரு முறையும் குசுகுசுத்தபடி போனேன்,
சீனியோடு ஒருநாள், கணக்குக் கொப்பியோடு ஒருநாள்.
வானைப் பற்றியும் சொன்னேன்,
முன் சீற்றைப் பற்றியும்.
இம்முறை மூவரும் ஒரே வீடு
என்று சத்தியம் பண்ணவில்லை,
பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஐந்தாம் நாள் மின்விசிறியைத்
தம்பிமார் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னாள்,
"நீங்க சத்தமாக் கதைக்கலாம் மிஸ்."

போர்வையைத் தானே இழுத்தாள்.
இரண்டு தலையணை, சுருட்டிய சாரம்,
தலைக்கு
வலையில் கட்டும் மிதவை ஒன்று.
கபிஷன்தான் முதலில் சிரித்தான்.
பிறகு நிறுத்த முடியாமல் அழுதான்.

மாசியில் தம்பலகாமம் போனேன்.
தகப்பன் இன்னும் வரவில்லை. கோப்பு மூடவில்லை.
சின்னவன் பாயை நனைக்கிறான்,
சித்தப்பா அதிகம் பேசுவதில்லை,
ஆனால் மூன்று சைக்கிள் ரியூப் ஒட்டி வைத்திருந்தார்.

"மெல்லமாக் கதையுங்கோ," என்றாள் ராகினி,
"மூத்தவள் படுத்திருக்கிறாள்."

பகல் பதினொரு மணி.
திரையை விலக்கிப் பார்த்தேன்,
பார்ப்பது என் வேலை.
இருமினாள். புரண்டாள்.
போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு
நுளம்பு கடித்த முழங்கையைச் சொறிந்தாள்.